எட்டாத ஏவுகணைகள்: விண்வெளி விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளிப் போர் விளையாட்டுகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களுக்கும், ஆயுதங்களின் அளவுகளைத் தீர்மானிப்பவர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக ஏவுகணைக் கப்பல்களையே விரும்பி ஓட்டிவருபவன் நான். புதிதாக விளையாட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் விரும்பிச் செய்துவருகிறேன். அவர்கள் அனைவரும் ஏறக்குறைய முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “50 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருக்கிறதே, ஏன் போய்ச் சேரவில்லை?” இந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியது நானல்ல, உங்கள் திரை. அதைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் ஏவுகணையின் வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 10 நொடி, ஆகவே எட்டும் தூரம் 50 கிலோமீட்டர் என்று ஆயுத விவரத்தில் இருந்தது. எதிரிக் கப்பல் 42 கிலோமீட்டரில் இருந்தது. என்னைவிட்டு நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. எட்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று நம்பி ஏவினேன். ஏவுகணையின் சிறிய முக்கோணக் குறி நேராகத்தான் போனது. இடைவெளி எட்டானது, ஐந்தானது, மூன்றானது. மூன்றில் அந்தக் குறி திரையிலிருந்து மறைந்துவிட்டது. வெடிப்பும் இல்லை, செய்தியும் இல்லை. எதிரி ஏதோ தற்காப்புக் கருவியால் அதை வீழ்த்திவிட்டான் என்றே அன்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. ஏவுகணை முழு வேகத்தைத் தொட இரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. சுழியிலிருந்து சீராக வேகம் கூடினால் அந்த இரண்டு நொடியில் அது கடப்பது பத்து கிலோமீட்டர் அல்ல, ஐந்துதான்; ஆகவே மொத்தம் 45. இலக்கோ பத்து நொடியில் ஆறு கிலோமீட்டர் விலகி 48-க்குப் போய்விட்டது. எனவே மூன்று கிலோமீட்டர் குறைந்தது. இந்த இரண்டில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஏவுகணை இலக்கைத் தொட்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள். இலக்கு அசையாமல் நின்றிருந்தால் 45 போதும்; ஏவுகணை முதல் கணத்திலேயே முழு வேகத்தில் புறப்பட்டிருந்தால் 50 போதும். தனித்தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாத சிறு பிழைகள் ஒன்றுசேரும்போது என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரர் ஊகிக்க முடியாது. ஏனெனில் அவருக்குக் காட்டப்படுவது வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிவந்த ஒற்றை எண் மட்டுமே.

விலகி ஓடும் இலக்கைக்கூட மனம் ஓரளவு கணித்துவிடும். குறுக்காக ஓடும் இலக்குதான் பெரிய ஏமாற்றம் தருவது. அதே ஏவுகணையை, முடுக்கத்தை மறந்துவிட்டே எடுத்துக்கொள்வோம். இலக்கு நம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இலக்கு வந்துசேரப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே நேர்கோட்டில் போகும் ஏவுகணை, தன் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணத்தின்படி முன்னோக்கி மிஞ்சுவது 4. ஆகவே எட்டும் தூரம் 40 கிலோமீட்டர். ஆனால் உங்களில் பலர் ஏவுகணைக்கு அந்த அறிவைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கணமும் இலக்கு இருக்கும் திசைக்கே மூக்கைத் திருப்பும்படி எழுதிவிடுகிறீர்கள். நாய் முயலைத் துரத்துவதைப் போன்ற இந்த வளைவரையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் பூகேர் 1732-லேயே ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கணக்கின்படி மேற்சொன்ன இலக்கை இந்த ஏவுகணை பிடிக்கக்கூடிய தூரம் 32 கிலோமீட்டர்தான். ஐம்பது நாற்பதாகக் குறைவது எதிரியின் வேகத்தால். அது நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். நாற்பது முப்பத்திரண்டாகக் குறைவது நீங்கள் தேர்ந்தெடுத்த துரத்தும் முறையால். அது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

விண்வெளியில் காற்று இல்லை என்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. நியூட்டன் 1687-இல் எழுதிய முதல் விதியை அறிந்தவர்கள், எரிபொருள் தீர்ந்தாலும் ஏவுகணை அதே வேகத்தில் போய்க்கொண்டுதானே இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. உண்மையில் விண்வெளியில் ஏவுகணைக்கு ‘எட்டும் தூரம்’ என்று ஒன்று கிடையாது. நீங்கள் விதிப்பது ஆயுள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 என்ற கணினியில் 1962-இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டிலேயே டார்பிடோ எனப்பட்ட ஏவுகணைகளுக்குக் குறிப்பிட்ட ஆயுள்தான் இருந்தது. பறக்கும் ஒவ்வொரு ஏவுகணையையும் கணினி தொடர்ந்து கணக்கிட வேண்டியிருப்பதாலும், எல்லையற்ற ஏவுகணை ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்பதாலும் அந்த வரம்பு தேவை என்பதை நான் மனமார ஏற்கிறேன். வரம்பு நேரத்தில் இருக்கும்போது அதைத் தூரமாக எழுதிக் காட்டுவதுதான் என்னை வருத்துகிறது.

இயற்பியலுக்கு நெருக்கமாக இருக்க முயலும் விளையாட்டுகளிலும் இதே குறை வேறு வடிவில் இருக்கிறது. ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, ஓர் ஏவுகணை மொத்தம் எவ்வளவு வேகமாற்றம் செய்ய முடியும் என்பது அதன் எரிபொருளால் வரையறுக்கப்படுகிறது. அந்த மொத்தம் நொடிக்கு 5 கிலோமீட்டர் என்றால், இலக்கிலிருந்து நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் பின்வாங்கிக்கொண்டே ஏவும் கப்பலின் ஏவுகணை, முதலில் அந்தப் பின்னோட்டத்தை ஈடுகட்டியாக வேண்டும். இலக்கை நோக்கிக் கிடைப்பது 4 மட்டுமே. பக்கவாட்டுக் குழாயிலிருந்து புறப்பட்டுத் திரும்புவதற்கும், வழியில் திசையைத் திருத்துவதற்கும் ஆகும் செலவு தனி. முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே ஏவுபவருக்கு அதே விதி லாபமாகவும் அமையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி, விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வரின் கணக்கு. பல விளையாட்டுகளில் சர்வர் உலகத்தைத் தொடர்ச்சியாக அல்லாமல் ‘டிக்’ எனப்படும் துண்டு துண்டான நேரங்களில் கணக்கிடுகிறது. அந்தத் துண்டு ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் நேரத்தை 4 சதவீதம் கூட்டும் மேம்பாட்டுக்காக ஆட்டக்காரர் நாள்கணக்கில் உழைக்கிறார். 10 நொடி 10.4 ஆகிறது, விவரப் பட்டியலும் 52 கிலோமீட்டர் என்று உடனே மாறிவிடுகிறது. சர்வர் முழு நொடிகளை மட்டும் எண்ணினால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. மீதமுள்ள 0.4-ஐ வாய்ப்பாகக் கொண்டு, பத்தில் நான்கு ஏவுகணைகளை ஒரு நொடி கூடுதலாகப் பறக்கவிடுவதும் ஒரு வழி. சராசரியில் அது நியாயமானது, நல்ல தீர்வும்கூட. ஆனால் சொல்லாமல் செய்தால், ஒரே இடத்திலிருந்து ஏவிய இரண்டில் ஒன்று தொட்டு மற்றொன்று தொடாமல் போவதைப் பார்ப்பவருக்குத் தம் கணக்கின் மீதே நம்பிக்கை போய்விடும். இதோடு, தூரத்தைக் கப்பலின் ஓரத்திலிருந்து அளந்து காட்டிவிட்டு ஏவுகணையைக் கப்பலின் மையத்திலிருந்து புறப்படவிடும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பலை ஓட்டுபவர் தம் கப்பலைக் கடக்கவே சில நூறு மீட்டரைச் செலவிடுகிறார்.

இவற்றையெல்லாம் தாமாகக் கண்டறிவதும் திறமைதானே என்று உங்களில் சிலர் கருதுவதை அறிவேன். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது நெருங்குவான், எந்தக் கணத்தில் ஏவினால் அவனால் தப்ப முடியாது என்று படிப்பது திறமை. விவரப் பட்டியலில் எழுதியிருப்பது எந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தும் என்று தோண்டி எடுப்பது திறமையல்ல, வீண் உழைப்பு. போர் விமானிகளே ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஏவுகணையை ஏவுவதில்லை. நேருக்கு நேர் வரும் விமானத்தைத் தொடும் தூரமும், வாலைக் காட்டி ஓடும் விமானத்தைத் தொடும் தூரமும் பெரிதும் வேறுபடும் என்பதால், அவர்கள் முன்னுள்ள திரையில், அந்தக் கணத்தில் அந்த இலக்குக்கான அதிகபட்ச தூரம், தப்பவே முடியாத தூரம், குறைந்தபட்ச தூரம் ஆகியவை அளவுகோலாகத் தெரிகின்றன. இரு விமானங்களின் இயக்கம் மாறமாற அந்தக் கோடுகளும் நகர்கின்றன.

நான் கேட்பது அதையே. இலக்கின் வேகமும் திசையும் உங்கள் நிரலிடம் ஏற்கனவே இருக்கின்றன. தூரத்தைக் காட்டும் எண்ணுக்கு அருகே, இப்போது ஏவினால் எதுவரை எட்டும் என்ற கோடு ஒன்றை வரைய அவை போதும். இலக்கு திசை மாற்றினால் கோடும் மாறட்டும். அப்போது எதிரியின் சூழ்ச்சியை முன்கூட்டி உணரும் திறமைக்கு இன்னும் மதிப்புக் கூடும். விவரப் பட்டியலில் வரும் எண்ணிலிருந்து முடுக்கத்தால் ஆகும் இழப்பையாவது கழித்துவிட்டு, ‘அசையாத இலக்குக்கு’ என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட குழப்பம் அந்த இரண்டு சொற்களிலேயே தீரும் என்பது, பலருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் நான் நம்புவது.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்யத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், ஏவுகணை ஆயுள் முடிந்து மறையும் இடத்தில் ‘பறக்கும் நேரம் முடிந்தது, 3 கிலோமீட்டர் குறைவு’ என்று ஒரு வரியைக் காட்டுங்கள். அன்று எனக்கு அந்த வரி கிடைத்திருந்தால், எதிரியிடம் இல்லாத தற்காப்புக் கருவிக்கு எதிராகப் பல வாரங்கள் கப்பலை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஏவுகணைக் கப்பல் ஓட்டும் உங்கள் ஆட்டக்காரன்