மூன்று ரயில் போதாது: ஃபுகுஷிமா மாகாண அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாகாண நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு வரி கட்டுபவன் அல்ல, உங்கள் தேர்தலில் எனக்கு ஓட்டும் கிடையாது. வெறும் ரயில் பைத்தியம். ஜப்பானில் உங்கள் மாகாணத்து மலைகளுக்குள் ஓடும் தடாமி ரயில் பாதையைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல்.

2011 ஜூலை மழையில் தடாமி ஆறு பொங்கி, அதன்மேல் இந்தப் பாதை கடக்கும் 5, 6, 7-ஆம் ரயில் பாலங்களின் உத்திரங்களை அடித்துக்கொண்டு போனது. ஐசு-கவாகுச்சி, தடாமி நிலையங்களுக்கு இடையே 27.6 கிலோமீட்டர் பாதை பதினோரு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டில் அந்தப் பகுதியின் பயணிகள் அடர்த்தி, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சராசரிப் பயணிகள், நாளொன்றுக்கு வெறும் 49 பேர். பேருந்தே போதும் என்றது இந்தப் பாதையை நடத்திய ரயில் நிறுவனமான ஜேஆர் ஈஸ்ட். நீங்கள் விடவில்லை. சுமார் 900 கோடி யென் செலவில் சீரமைப்பு முடிந்து, 2022 அக்டோபர் 1 அன்று ரயில் திரும்பி வந்தது. அந்தப் பகுதியின் தண்டவாளமும் பாலங்களும் இப்போது மாகாணச் சொத்து. வண்டி ஓட்டுவது மட்டும் ஜேஆர். இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

ஆனால் இத்தனை பாடும் பட்டு நமக்குக் கிடைத்தது என்ன? அந்தப் பகுதியில் நாளுக்கு மூன்று நடை. மறுதிறப்பு அட்டவணைப்படி, ஐசு-வகாமட்சுவிலிருந்து மறுமுனையான கோய்டே வரை செல்லும் முதல் வண்டி காலை 6 மணிக்குக் கிளம்பும். அதை விட்டால் மதியம் 1 மணிவரை காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி இந்த அட்டவணையை நம்பி எப்படி வீட்டைவிட்டுக் கிளம்புவார்?

ஆற்றின் மேலுள்ள முதலாம் ரயில் பாலத்தைப் படமெடுக்க மீஷிமா ஊரில் கூட்டம் அலைமோதுகிறது, சந்தோஷம். அவர்களில் பலர் காரில் வந்து, வண்டி பாலத்தைக் கடந்ததும் காரிலேயே போய்விடுகிறார்கள். ரயிலை நேசிப்பவர்கள்தான், டிக்கெட் வாங்குவதில்லை!

இந்தப் பாதை லாபத்துக்காகப் பிறந்ததும் அல்ல. கவாகுச்சிக்கு அப்பால் தண்டவாளம் போட்டது தகோகுரா அணைக்குக் கட்டுமானப் பொருள் ஏற்றிச் செல்ல. பயணிகள் அதில் ஏறியது 1963-இல் அது தேசிய ரயில்வேயின் கைக்கு வந்த பிறகுதான். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ரொக்குஜூரிகோஷி சுரங்கம் குடைந்து, 1971-இல் கோய்டே வரை முழுப் பாதையும் இணைந்தது. 1980-களில் நட்டப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடியபோது இது தப்பியதற்குக் காரணம், பக்கத்திலுள்ள 252-ஆம் தேசிய நெடுஞ்சாலையின் மலைப்பகுதி பனிக்காலத்தில் மூடப்படுவதுதான். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். வேறு வழி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள்.

ஐசு-கவாகுச்சியில் நடைமேடையை ஒட்டியே ஆறு ஓடுகிறது. வகாமட்சுவிலிருந்து வரும் சில வண்டிகள் அங்கேயே நின்று திரும்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றையாவது தடாமி வரை நீட்டச் சொல்லி ஜேஆரிடம் பேசுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம். நேரத்தை முடிவு செய்யுமுன் பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் கேளுங்கள். பாதை உங்களுடையது என்பதால் உங்கள் பேச்சுக்கு எடை உண்டு. அடுத்த அட்டவணை மாற்றத்துக்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரயில் பிரியன்