தேம்ஸ் சாவுகளை விசாரிக்காமல் விடவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தேம்ஸ் நதியின் பழைய படகுத்துறைகள் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், அந்தக் காலத்தில் ஆற்றில் செத்தவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்று அதில் வரும் ஒரு வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள்.

இங்கிலாந்தில் 1194இலேயே கரோனர் எனும் மரண விசாரணை அதிகாரி வந்துவிட்டார். பிணத்தை முதலில் பார்த்தவர் கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தைக் கூட்ட வேண்டும். கரோனர் வருமுன் புதைத்தால் அபராதம். சுற்றுவட்டார ஆட்களே ஜூரி. பிணத்தை நேரில் பார்த்துத்தான் சாவு எப்படி நடந்தது என்று சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டு லண்டன் கரோனர் சுருள்களில், அதாவது அந்த விசாரணைகளின் பதிவுகளில், சில இன்றும் இருக்கின்றன. குடத்தோடு தண்ணீர் மொள்ளப் போய் ஆற்றில் விழுந்தவர்கள் அவற்றில் வருகிறார்கள். நான் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. காவிரிக் கரையில் பிணம் ஒதுங்கினால் போலீசுக்கு எழுதிக்கொடுத்ததும், பிரேத விசாரணையில் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட நின்றதும் பார்த்துப் பழகியவனுக்கு அதெல்லாம் அந்நியமாகப் படவில்லை.

ஆனால் அங்கே இன்னொரு கணக்கும் ஓடியது. டியோடண்ட் என்பார்கள். வண்டியோ மாடோ படகோ, ஒரு சாவுக்குக் காரணமான பொருள் அல்லது அதன் மதிப்பு அரசருக்குப் போய்ச் சேரும். தர்ம காரியத்துக்கு என்று பேச்சு, அவ்வளவுதான். கடலில் நடந்த சாவுக்கு இது கிடையாது, ஆற்றில் உண்டு. அந்த மதிப்பைப் போட வேண்டியதும் அதே ஜூரிதான். பறிகொடுக்கப் போகிறவர் பல நேரம் தெரிந்த ஆள், கூடவே பிழைக்கிறவர். அதனால் விலையைக் குறைத்தே போட்டார்கள். படகைக் காரணம் காட்டாவிட்டால் பறிகொடுக்கவும் வேண்டாம். இதை மனதில் வைத்துக்கொண்டால், பழைய ஆவணங்களில் 'தானாகத் தவறி விழுந்தார்' என்று வரும் இடங்களை அப்படியே நம்பத் தோன்றாது. ரயில் வந்தபின் ஜூரிகள் கம்பெனிகள் மேல் பெரிய தொகைகளைப் போட ஆரம்பித்தார்கள். 1841இல் சோனிங் விபத்துக்கு 1,000 பவுன். அப்போதுதான் சட்டத்துக்கு ஆட்சேபம் கிளம்பியது. 1846இல் எடுத்துவிட்டார்கள். ஏழைப் படகுக்காரன் மேல் விழுந்தபோது அவ்வளவு அவசரம் இல்லை போலிருக்கிறது.

அப்புறம் 1878 செப்டம்பர் 3. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் கரையிலுள்ள வுல்விச் அருகே பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பலோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்தின் சாக்கடை நீரைச் சற்று முன்புதான் அங்கே திறந்துவிட்டிருந்தார்கள். பயணிகள் பட்டியல் கிடையாது. கரோனர் கார்ட்டர் விசாரிக்க உட்கார்ந்தபோது முதல் வேலையே இறந்தவர் யார் என்று கண்டுபிடிப்பதாக இருந்தது. பிணத்துக்கு எண் போட்டு, துணிமணி, சட்டைப்பையில் இருந்தது எல்லாவற்றையும் தனியாக எடுத்துவைத்தார்கள், உறவினர் வந்து அடையாளம் காட்ட. மீட்டுக் கொடுத்தால் பிணம் ஒன்றுக்கு 5 ஷில்லிங் என்பதால் படகுக்காரர்களுக்குள் அதற்கும் சண்டை.

விசாரணை ஒன்றல்ல, பல. கரோனர் ஜூரி, பைவெல் காசில் எஞ்சினை நேரத்தோடு நிறுத்திப் பின்னோக்கி ஓட்டவில்லை என்றது. பிரின்சஸ் ஆலிஸும் நிற்காததால் அதற்கும் பங்குண்டு என்றது. கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் விசாரணையோ, ஆற்று விதியை மீறியது பிரின்சஸ் ஆலிஸ்தான் என்று முடித்தது. விசாரணையே இல்லை என்பதைவிட இந்த முரண்பாடு சுவாரஸ்யமில்லையா? கட்டுரையாளர் அந்த வரியைத் திருத்திவிட்டு, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவையாறு