படிவத்தில் மறைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அங்கே அரச வேலைக்கும் பாதுகாப்புத்துறை வேலைக்கும் விண்ணப்பிக்கும் காலம் இது. ‘போதைப்பொருள் பாவித்ததுண்டா’ என்று படிவத்தில் கேள்வி வந்தால், “இல்லை எண்டு போடு, ஆருக்குத் தெரியப்போகுது” என்று வன்னியிலிருந்து தொலைபேசியில் புத்தி போகிறது. அது பிள்ளைகளின் எதிர்காலத்தையே கெடுக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் அமெரிக்கப் பிரஜை, பொறியியல் படித்தவன். பல்கலைக்கழகத்தில் சிநேகிதர்களோடு சேர்ந்து கஞ்சா புகைத்திருக்கிறான். படிப்பு முடிய முதலே விட்டும் விட்டான். பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை சரிவந்தது. ஆனால் அரச இரகசியங்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் வேலையில் சேரலாம். அதற்கான எஸ்.எப்.86 என்ற படிவம் கடந்த 7 வருடப் பாவனையைக் கேட்கிறது. ஊரிலுள்ள உறவினர் ஒருவர் சொன்னபடி ‘இல்லை’ என்று போட்டான். விசாரணைக்கு வந்தவர்கள் அவனோடு அறையில் தங்கிப் படித்தவனைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான்.

அனுமதி தருவதற்குத் தடையாக உள்ள காரணங்களை எழுதி வந்த கடிதத்தை மருமகன் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். கிராம சேவையாளராக இருந்தவன் நான், கடதாசிகளை வரிவரியாகப் பார்த்துப் பழக்கம். கஞ்சாவுக்கு ஒரு சின்னப் பந்திதான். அதன் கீழ் இருந்ததெல்லாம் பொய் எழுதியது பற்றியே.

அனுமதியைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் 13 தலைப்புகளின் கீழ் ஆளை எடைபோடுகிறார்கள். போதைப்பொருள் ஒன்று, நேர்மையும் நடத்தையும் இன்னொன்று. எப்போதோ பாவித்து, விட்டு, அந்தக் கூட்டாளிகளையும் விட்டு விலகியவனுக்கு வழி இருக்கிறது. காலம் போனதும் திருந்தி நடப்பதும் அவன் பக்கம் பேசும். (இப்போதும் பாவிப்பவனுக்கு அந்த வழி இல்லை. பல மாநிலங்களில் கஞ்சாவுக்குத் தடை நீங்கினாலும் மத்திய அரசின் சட்டம் அதை ஏற்கவில்லை.) தெரிந்துகொண்டே பொய் எழுதுவதோ தனிக் குற்றம், 5 வருடம் வரை சிறை. மறைத்த விஷயத்தை அறிந்த எவனும் நாளைக்கு அதைச் சொல்லியே மிரட்டி இரகசியத்தைக் கறக்கலாம் என்பது அவர்களின் பயம்.

எங்கள் சனம் ஏன் மறைக்கச் சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் விபரம் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் நாங்கள். 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்றபோது, ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிடும் என்று தாய்மார் நடுங்கினார்கள். பிள்ளைகளின் வாயைப் பொத்திய கைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பயத்தைப் பிழை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இந்தப் படிவம் அப்படியானதல்ல. போதைப்பொருள் கேள்விக்கு மேலேயே, உண்மையாக எழுதும் பதிலைப் பிறகு குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுக்க மாட்டோம் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை எங்கள் ஆட்கள் வாசிப்பதே இல்லை.

ஏற்கெனவே பொய் எழுதியவர்கள், அதிகாரி கண்டுபிடித்துக் கேட்கும் வரை காத்திருக்காமல் தாங்களாகவே போய்த் திருத்தவேண்டும். அப்படி உடனே திருத்துவதைச் சாதகமாகக் கணிக்க அவர்களின் விதியிலேயே இடமுண்டு. மருமகனுக்கு அந்தச் சந்தர்ப்பம் தவறிவிட்டது, இப்போது சட்டத்தரணியை வைத்துப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான். இனி இப்படிக் கேட்டு அழைப்பு வந்தால், ஊரிலிருக்கும் மாமாமாரும் சித்தப்பாமாரும் “உள்ளதை எழுது, சந்தேகம் என்றால் அங்கேயே ஒரு சட்டத்தரணியைக் கேள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சேவையாளர் ஒருவர்,
விசுவமடு.