மியாகாவிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பர் சதாசிவம் அவர்களுக்கு,

வணக்கம். கண் சிகிச்சைக்குப் பின் மீண்டும் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி பெரும் நிறைவளித்தது. மீன்வள ஆய்வுக்காக நான் தங்கியிருக்கும் மியாகாவ் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டிருந்தீர்கள்.

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில், இலோயிலோ மாகாணத்தின் தென்கரையில் உள்ள நகராட்சி இது. நகராட்சி என்று பெயரே தவிர, நெல்வயலும் மீன்பிடியுமாக 119 சிற்றூர்கள் கடற்கரை தொடங்கி மலைப்பக்கம் வரை பரவியிருக்கும் நாட்டுப்புறம்தான். ஸ்பானியர் ஆட்சியில் ஓட்டோன், திக்பாவான், கிம்பால் ஆகிய அண்டை ஊர்களுக்கு அடுத்தடுத்து உட்பட்டிருந்து, 1731-இல் தனி ஊரானது.

கடல்தான் இவ்வூருக்குச் சோறும் போட்டது, அச்சமும் தந்தது. தெற்கே சூலு, மிந்தனாவோ பகுதிகளிலிருந்து படகுகளில் வந்தவர்கள் ஊரைச் சூறையாடி, மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றார்கள். அத்தாக்குதல்களில் முந்தைய தேவாலயங்கள் எரிந்துபோனதால், 1787-இல் மேட்டு நிலத்தில் புதிய தேவாலயத்தைக் கோட்டை போலவே எழுப்பத் தொடங்கி, 1797-இல் முடித்தார்கள். ஒன்றரை மீட்டர் தடித்த சுவர்கள். கடலைக் கண்காணிக்க இரு பெரும் கோபுரங்கள். ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை செய்ய வேண்டியிருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு, கட்டுமானத்தை நடத்திய ஸ்பானியத் துறவிகளை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

நீங்கள் அவசியம் காண வேண்டியது முகப்பைத்தான். குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டோபர் இங்கே தென்னை மரத்தைப் பற்றியபடி நிற்கிறார். அருகில் பப்பாளியும் கொய்யாவும் காய்த்திருக்கின்றன. காவலுக்காக எழுந்த சுவரில் உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்கள் தோட்டத்தையே செதுக்கியிருப்பது, இவ்வூரைப் பற்றிய எந்த ஆவணத்தையும் விட எனக்கு உண்மையாகப் படுகிறது. ஸ்பானியருக்கு எதிரான 1898-இன் புரட்சியில் தீக்கிரையாகி, 1948-இன் நிலநடுக்கத்தில் சிதைந்து, 1960-களில் சீரமைக்கப்பட்ட இக்கட்டடத்தை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கைத்தறியில் ஆர்வமுள்ள உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1855-இல் இலோயிலோ துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டபின், நம் நெசவாளர்களை நலிவடையச் செய்த அதே இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைத் துணிகள் இங்கும் வந்து இறங்கி, பெயர்பெற்ற இலோயிலோ நெசவைத் தளரச் செய்தன. ஆயினும் ஹப்லோன் என்னும் கைத்தறித் துணியை மியாகாவின் பெண்கள் இன்றும் நெய்கிறார்கள். வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு துணியை உங்கள் துணைவியாருக்காக வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அஞ்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்துக்குமரன்