பாப்பாவுக்கு, மருந்துச் சீட்டு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிறு, உளவியலாளராக இருக்கும் நீ மருந்துச் சீட்டு எழுத உரிமை தரும் படிப்பில் சேரப்போவதாகச் சொன்னதும், "அதெல்லாம் டாக்டர் வேலை, உனக்கு எதுக்கு" என்று வெட்டிவிட்டேன். நீயும் "சரிப்பா" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். போனை வைத்த பிறகு உன் அம்மா என்னை உலுக்கி எடுத்துவிட்டாள். 31 வருஷம் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தவருக்கு, பிள்ளை மருந்து படிப்பதில் என்ன குறை என்று கேட்டாள். எனக்குப் போனில் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அமெரிக்க மாநிலங்களில் உங்கள் நியூ மெக்சிகோதான் 2002-இல் முதலில் உளவியலாளர் மருந்து எழுதலாம் என்று சட்டம் போட்டிருக்கிறது. 2004-இல் லூசியானா. காரணம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு நிலம், அதில் 21 லட்சம் பேர். மனநல மருத்துவர் பெரிய ஊர்களில் இருப்பார். பாலைவனத்துக் கோடியில் இருப்பவன் என்ன செய்வான்?

அந்த உரிமைக்கு 450 மணி நேர வகுப்பு என்று படித்ததும் சிரிப்பு வந்தது. மருந்தாளுநருக்கான எங்கள் டி.பார்ம் படிப்பே ரெண்டு வருஷம், அதை முடித்தும் எங்களுக்குச் சீட்டு எழுத உரிமை கிடையாது. ஆனால் உனக்கு ஏற்கெனவே உளவியலில் டாக்டர் பட்டம் இருக்கிறது, அதற்கு மேல்தான் இது. அப்புறம் இன்னொரு வரி கண்ணில் பட்டது: குறைந்தது 100 நோயாளிகளோடு 400 மணி நேரப் பயிற்சி. ஆளுக்கு நாலு மணி நேரம்! நம் ஓ.பி.யில் ஆளுக்கு நாலு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகும் ரெண்டு வருஷம் ஒரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் எழுத வேண்டும். சரி, விளையாட்டாகப் போட்ட சட்டம் இல்லை.

இப்போது உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்று. நீ ப்ளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளே, காய்ச்சல் என்று சொன்னோம். காய்ச்சல் இல்லை. மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு ஆறு வருஷமாக நன்றாக இருந்தவள். முட்டி வலி என்று போனதற்கு ஒரு டாக்டர் டைக்ளோஃபெனாக் எழுதினார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று உள்ளூரில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அந்த வலி மாத்திரை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். பத்து நாளில் கை நடுக்கம், பேதி, நாக்குக் குழறல். நான் மருந்தாளுநர், பாப்பா. இந்த ரெண்டு மாத்திரையும் ஒன்றாகப் போகக் கூடாது என்று தெரிந்தவன். என் அக்கா கையில் காபி டம்ளர் ஆடுவதைப் பார்த்துவிட்டு, வயசாகிறது என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. மாதம் ஒரு முறை அவளோடு பேசுகிற சைக்காலஜிஸ்ட் மேடம். அன்று சனிக்கிழமை. முக்கால் மணி நேரம் பேசிய பிறகு, பையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு மேசையில் கொட்டச் சொல்லியிருக்கிறார். வெற்றிலைப் பொட்டலம், சாவிக்கொத்து, ரெண்டு அட்டை மாத்திரை. என்னை உள்ளே கூப்பிட்டார். "லித்தியம் கூடிப்போன மாதிரி இருக்கு சார். நிறுத்துங்கன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லை. டாக்டரும் போனில் கிடைக்கலை. இப்பவே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க." ரெண்டு அட்டையையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கார் பிடித்தேன். ரத்தத்தில் லித்தியம் 2.1. பொதுவாக 1.2-க்கு மேல் போகக் கூடாது. சலைன் ஏற்றி மீட்டார்கள், சிறுநீரகம் தப்பித்தது.

நம் நாட்டில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தன் தொழிலுக்கு உட்படாத மருந்தை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்தவர் நிறுத்தச் சொல்ல உரிமையில்லாமல் நின்றதும் எழுதத் தெரிந்தவர் கேட்காமல் எழுதியதும் என் கண் முன்னால் நடந்தவை. உன்னைப் போன்றவர்களுக்கு மருந்தை எழுதவும், அதைவிட முக்கியமாக நிறுத்தவும் உரிமை இருக்கலாம் என்றே இப்போது நினைக்கிறேன்.

எதிர்ப்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. உளவியலாளர்களுக்கு மருந்து எழுதப் பயிற்சி கொடுத்து அமெரிக்க ராணுவம் 1991-இல் தொடங்கிய சோதனையில் பத்து பேர் தேறினார்கள், வேலையையும் ஒழுங்காகச் செய்தார்கள். ஆனால் உடல் மருத்துவத்தில் மனநல மருத்துவர்களைவிடப் பலவீனம்தான் என்று மதிப்பீடு செய்தவர்களே சொன்னார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. சோர்ந்து வருகிறவளுக்குத் தைராய்டு குறைந்திருக்கலாம். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடும் கிழவருக்கு மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் கொடுத்தால் சோடியம் இறங்கித் தள்ளாடுவார். இல்லினாய் மாநிலம் 2014-இல் போட்ட சட்டம் 17 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு உளவியலாளர் எழுதக் கூடாது என்று வைத்தது சும்மா இல்லை.

என் பயம் வேறு. நம் ஆஸ்பத்திரிக்கு வந்த மனநல மருத்துவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வந்த புதிதில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விசாரிப்பார்கள். வரிசை நீளும். ஒரு வருஷத்தில் "தூக்கம் வருதா, அதையே சாப்பிடுங்க" என்ற அளவுக்கு வந்துவிடும். சீட்டுகளைப் பார்த்தே எனக்குத் தெரியும், போன மாதத்தின் நகல்தான் இருக்கும். உனக்கும் அந்த உரிமை வந்தபின், முக்கால் மணி நேரத்துக்குக் கொடுக்கும் காசைவிடப் பத்து நிமிடம் மூன்று பேருக்கு அதிகம் என்று யாராவது கணக்குக் காட்டுவார்கள். அந்த மேடம் பத்து நிமிடத்தில் பையைக் கொட்டச் சொல்லியிருக்கமாட்டார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். தனியாகக் கிளினிக் போடாதே. மருத்துவர் அடுத்த அறையில் இருக்கும் இடமாகப் பார். நேரத்தை யார் தீர்மானிப்பார்கள் என்று வேலையில் சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள். கட்டணத்துக்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, கூச்சப்படாதே.

அத்தைக்குப் போன வாரம் ரத்தம் எடுத்தோம், 0.7. முட்டி வலி மறுபடி வந்திருக்கிறது. ஞாயிறு கூப்பிடும்போது அவளிடமும் பேசு. புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று நீயே கேள். நான் கேட்டால் எரிந்து விழுகிறாள்.

அன்புடன்,
அப்பா