முரளிக்கு, ‘ஃபார்ச்சுனேட் சன்’ பற்றி

அன்புள்ள முரளி,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வரன் பார்க்கலாமா என்று கேட்டால், முதலில் வேலை என்கிறாள். நான் அவள் பக்கம்தான்.

உன் பேரன் கிதாரில் பழகும் ‘ஃபார்ச்சுனேட் சன்’ (அதிர்ஷ்டக்காரப் பிள்ளை) என்ற அமெரிக்க ராக் பாட்டில் ராணுவ மிடுக்கும் தேசப்பற்றும் தெறிப்பதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1968 டிசம்பரில், அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த நிக்சனின் மகளும் முன்னாள் அதிபர் ஐசனோவரின் பேரனும் மணந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளா வியட்நாம் போர்முனைக்குப் போகப்போகிறார்கள் என்று பாடகர் ஜான் ஃபோகர்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறு ஆண்டு, தன் ‘கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்’ இசைக்குழுவுக்காக இதை எழுதினார். கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்குக் கிடைத்த காலம் அது. படிக்க வசதியில்லாதவன் வீட்டுக்குத்தான் அழைப்பாணை வந்தது. ஃபோகர்டியே ராணுவத்தின் ரிசர்வ் படையில், அதாவது துணைப்படையில், இருந்தவர். அவருடைய கோபம் சிப்பாய் மீதல்ல, அவனை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் மீது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது சரணம். வெள்ளிக் கரண்டியோடு பிறந்த குடும்பம். வரி அதிகாரி வாசலுக்கு வந்ததும், வீடு பழைய சாமான் விற்கும் இடம்போல் மாறிவிடுகிறது! வரியும் கொடுக்காதவன், பிள்ளையையும் கொடுக்காதவன். மூன்றாவதில், இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது என்று கேட்டால் ‘இன்னும், இன்னும்’ என்பதே பதில். இத்தனையும் இரண்டரை நிமிடத்துக்குள், தொண்டை கிழியும் குரலில்.

இதைத் தேசப்பற்றுப் பாட்டு என்று நினைத்தது நீ மட்டுமல்ல. ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில், கொடி அசைப்பவர்களைப் பற்றிய முதல் இரண்டு வரிகளோடு பாட்டை நறுக்கிவிட்டார்கள். அடுத்து வரும் வரிகளில் பீரங்கி நம் பக்கம் திரும்புகிறது. அதைக் காட்டினால் ஜீன்ஸ் விற்காது. அப்போது பாட்டின் உரிமை ஃபோகர்டியிடம் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். 2020இல் டிரம்ப்பின் பிரசாரக் கூட்டங்களில் ஒலித்தபோது, நிறுத்தச் சொல்லி ஃபோகர்டியே நோட்டீஸ் அனுப்பினார். 2014இல் வாஷிங்டனில் முன்னாள் படைவீரர்களுக்காக நடந்த இசைவிழாவில் ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் இதைப் பாடியதற்கும் எதிர்ப்பு வந்தது. என்னைக் கேட்டால், அந்த மேடையைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாட்டுக்குக் கிடையாது.

பேரனிடம் மூன்று சரணங்களையும் விடாமல் பாடச் சொல். தை மாதம் ஊருக்கு வருகிறேன், நேரில் கேட்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்