ஞாயிறு வாசிப்பு: தோமாஸ் ரிவேரா

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு நாம் பேசப்போவது அமெரிக்க எழுத்தாளர் தோமாஸ் ரிவேராவைப் பற்றி.

1935இல் டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அறுவடைக் காலத்தில் குடும்பமே வடக்கே அயோவா, மினசோட்டா என்று வேலை தேடிப் போகும். பையனும் வயலில் இறங்குவான். பள்ளிப்படிப்பு இடையிடையே அறுந்தது. அப்படியிருந்தும் 1969இல் முனைவர் பட்டம் பெற்றார்!

எழுதியது அதிகமில்லை. 1971இல் ஸ்பானிய மொழியில் வந்த ‘பூமி அவனை விழுங்கவில்லை’ என்ற சிறிய நாவல்தான் அவர் பெயரை நிறுத்தியது. ஒரு சிறுவனின் தொலைந்துபோன ஓராண்டு, துண்டு துண்டான கதைகளாக வருகிறது. யார் பேசுகிறார்கள் என்றே சில இடங்களில் தெரியாது. முதல் வாசிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது, ஒளிப்பானேன்? இரண்டாம் முறைதான் அந்தக் குரல்கள் பிடிபட்டன. ஆகவே பாதியில் மூடிவிடாதீர்கள்.

1979இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1984இல், 48 வயதில் காலமானார். அங்குள்ள நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே தெரிவியுங்கள். என்னிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. முதலில் கேட்பவருக்குத் தருகிறேன்.